சிரிக்காத அப்பிச்சியைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: எங்கள் அப்பா கோபிச்செட்டிபாளையம் பக்கம் மஞ்சளும் கரும்பும் வைத்த விவசாயி. பதினான்கு வருடம் பார்க்கின்சன் நோயோடு இருந்து போன வருடம் தவறிவிட்டார். வருகிற வருச திதிக்கு அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துச் சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க ஆசை. ஆனால் என் பிள்ளைகளுக்கு அவர் 'சிரிக்காத அப்பிச்சி'. என் மகள் பிறந்தபோது அவர் மடியில் கொண்டுபோய் வைத்தேன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது. நோயைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம் என்கிறான் தம்பி. என்ன எழுதலாம்? அவருடைய பால் கணக்கு, மொய் நோட்டெல்லாம் பெட்டியில் அப்படியே இருக்கின்றன.

பதில்:

மகளை மடியில் வைத்த அந்த நாளைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். நான் பிசியோதெரபிஸ்ட். ஈரோடு, பெருந்துறை, கோபி பக்கம் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்தவர்களின் வீடுகளில் நான் அதிகம் கேட்டது உங்களுடைய இந்த வருத்தத்தைத்தான். "எங்க மேல பாசமே இல்லாமப் போச்சுங்க அவருக்கு" என்பார்கள், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது.

நடந்தது இதுதான். மூளையின் அடிப்பக்கத்தில் கருமை நிறத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அங்கே இருக்கின்றன. கை நடுக்கமோ நடைத் தளர்ச்சியோ வெளியே தெரிகிற நேரத்தில் அந்தச் செல்களில் ஏறக்குறையப் பாதி ஏற்கெனவே அழிந்திருக்கும். அந்த டோபமைனை நம்பித்தான் நாம் யோசிக்காமல் செய்யும் அசைவுகள் எல்லாம் ஓடுகின்றன. நடக்கும்போது கை வீசுவது, கண் சிமிட்டுவது, ஊறிய எச்சிலை விழுங்குவது, குழந்தையைப் பார்த்ததும் முகம் மலர்வது. யாரும் திட்டம் போட்டுச் சிரிப்பதில்லையே. அந்தத் தானாக வரும் அசைவுகளைத்தான் இந்த நோய் முதலில் பிடுங்கிக்கொள்ளும். மனசு வைத்து, இதைச் செய்யணும் என்று நினைத்துச் செய்யும் காரியங்கள் அதைவிட வெகுநாள் தாங்கும். போட்டோ எடுப்பவர் "கொஞ்சம் சிரிங்கய்யா" என்றால் சிரமப்பட்டாவது உதட்டை விரிப்பவர், பேத்தி ஓடிவரும்போது கல்லாக உட்கார்ந்திருப்பார். உள்ளே சந்தோஷம் வந்திருக்கும். முகத்துக்கு வந்து சேர்ந்திருக்காது.

இந்த முகத்தை வைத்து மருத்துவப் பணியாளர்களே ஏமாறுகிறார்கள். நோயாளியின் சின்ன வீடியோவைப் பார்த்து "இவர் ஒட்டாத மனுசர், அக்கறை இல்லாதவர்" என்று அனுபவசாலிகளே தவறாகக் கணிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தை பெற்ற களைப்பில் இருந்த நீங்கள் அப்படி நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. நீங்கள் பார்த்தது முகத்தை. கையைப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் சும்மா இருக்கும் கையில்தான் வரும். அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் குறையும். குழந்தையைத் தாங்கியபோது அந்தக் கை என்ன செய்தது என்று அம்மாவுக்கு ஞாபகம் இருக்கலாம்.

ஆகவே புத்தகத்துக்கு நான் சொல்லும் ஒரே யோசனை இது. 'பாசமானவர், அமைதியானவர், யார் மனதையும் நோகடிக்காதவர்' என்று எல்லா அஞ்சலியிலும் வருவதை எழுதாதீர்கள். அந்தப் பதினான்கு வருடத்தில் அவர் என்னென்ன செய்தார் என்று எழுதுங்கள். தானாக வருவது நின்றுபோன ஒரு மனிதர் வீட்டுக்காகச் செய்த ஒவ்வொன்றும், மனசு வைத்து, உடம்போடு மல்லுக்கட்டிச் செய்தது. அதைவிடப் பெரிய பாசத்துக்கு நான் எங்கே போய்ச் சாட்சி தேட முடியும்?

எங்கே தேடுவது என்று சொல்கிறேன். மொய் நோட்டை எடுங்கள். நம் பக்கத்தில் ஒரு வீட்டின் சரித்திரமே அதில்தான் இருக்கிறது. யார் வீட்டு விசேஷம், யார் எவ்வளவு செய்தார்கள், நாம் எப்போது திருப்பிச் செய்தோம், எல்லாம் தேதியோடு இருக்கும். எழுத்தை மட்டும் பாருங்கள். இந்த நோயில் கையெழுத்து சுருங்கும். ஒரே வரியில் முதல் சொல் ஒரு அளவிலும் கடைசிச் சொல் அதில் பாதியிலும் இருக்கும். ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் பதினைந்தாயிரத்தைத் தாண்டிய 2010 கணக்கைப் பாருங்கள், அப்புறம் அடுத்தடுத்த வருடங்களைப் பாருங்கள். எழுத்து எங்கே சிறுக்கத் தொடங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். டாக்டர் பெயர் சொல்வதற்கு முன்பாகவே நோட்டு சொல்லியிருக்கும்.

கவுந்தப்பாடி பக்கம் ஒரு வீட்டில் அப்படி ஒரு நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நீளவாக்கில் மடித்த, மஞ்சள் கறை படிந்த கோடு போட்ட நோட்டு. முதல் பக்கங்களில் கோட்டுக்குக் கோடு நிறைய உட்கார்ந்திருந்த எழுத்து, நடுவில் எறும்பு வரிசையாக ஊர்ந்தது. 'ரூபாய்' என்ற சொல்லை எழுத முடியாமல் 'ரூ' மட்டும் போட்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அவருடைய மனைவியின் கையெழுத்து. மூன்றாம் வகுப்பு வரை படித்த அந்தம்மா 'முத்தூர் மாமன் பேத்தி சீர்' என்று ஒவ்வொரு எழுத்தாகக் கோர்த்து எழுதியிருந்தார்கள். பக்கத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னச் சரி அடையாளம், அவர் போட்டது. கணக்கைச் சொன்னது அவர், எழுதியது அவர்கள், சரிபார்த்தது மறுபடி அவர். படுக்கையில் விழும் வரை ஒரு வீட்டுக்கும் மொய் விட்டுப்போகவில்லை. உங்கள் பெட்டியிலும் இப்படி ஒரு பக்கம் இருந்தால் அதைப் போட்டோ எடுத்து அப்படியே அச்சில் போடுங்கள். அதற்குக் கீழே எதுவும் எழுத வேண்டியதில்லை.

விசேஷம் என்றதும் இன்னொன்று. நோய் வந்த சில வருடத்தில் இவர்கள் கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். சொந்தத்தில் அதைப் பெருமை என்று பேசுவார்கள். பத்திரிகை வைத்தும் வரவில்லை என்றால் நம் ஊரில் எவ்வளவு பெரிய வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும். பந்தியில் உட்கார்ந்தால் கை நடுங்கி ரசம் சிந்தும், வாயோரம் எச்சில் வழியும், எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். எல்லோர் முன்னாலும் பிள்ளைகளுக்குச் சங்கடம் வரக் கூடாது என்றுதான் பலர் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். உங்கள் அப்பா அப்படி வராமல் இருந்த விசேஷங்கள் இருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் கையில் இந்தப் புத்தகம் போகும்போது காரணத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள். பல வருட மனக்குறை அதில் தீரும்.

குரலைப் பற்றியும் எழுத வேண்டும். கடைசி வருடங்களில் அவர் பேசியது யாருக்கும் கேட்டிருக்காது. "சத்தமாப் பேசுங்கப்பா" என்று நீங்களும் தம்பியும் எத்தனையோ தரம் சொல்லியிருப்பீர்கள். இதில் வேதனையான விஷயம், அவர் காதுக்கு அவர் சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். தன் குரல் இறங்கிவிட்டதை உணரும் திறனையும் இந்த நோய் மழுங்கடிக்கிறது. இவர்கள் ஏன் கத்தச் சொல்கிறார்கள் என்று அவருக்கு உண்மையிலேயே புரிந்திருக்காது. அப்படியும் பேசுவதை நிறுத்தவில்லை என்றால் அதை எழுதுங்கள். என்ன கேட்டார்? வாய்க்காலில் தண்ணி விட்டாச்சா, மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டாச்சா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாச்சா என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விகளை அவர் வார்த்தையிலேயே போடுங்கள்.

நடந்து போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டால் அப்படியே நின்றுவிடுவாரா? நடப்பது நமக்குத் தானாக நடக்கும் வேலை. அவருக்கு ஒவ்வொரு எட்டும் யோசித்து வைக்க வேண்டியது. பேச்சையும் சேர்த்துச் செய்ய முடியாது. உங்களுக்குப் பதில் சொல்ல நடையை விட்டுக் கொடுத்துவிட்டு நின்றார். மறுபடி கால் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தேதான் நின்றார்.

பெருந்துறை பக்கம் ஒரு வீட்டில் பெரியவருக்கு வாசற்படியிலும் திரும்பும் இடத்திலும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். இது இந்த நோயில் சகஜம். ஆனால் தரையில் குறுக்குக் கோடு இருந்தால் அதைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார்கள்; தானாக வராத நடையை, கண்ணால் பார்த்து வேண்டுமென்றே நடக்கும் நடையாக மாற்றும் வழி அது. எலக்ட்ரிக் வேலைக்கான கறுப்பு டேப்பை வாங்கி ஒட்டச் சொன்னேன். ஏழாவது படித்த பேரன்தான் கட்டிலிலிருந்து குளியலறை வரை ஒட்டினான். அப்பாருவின் கால் நீளத்தை அளந்து, அதற்குத் தகுந்த இடைவெளி விட்டான். அவர் ஒவ்வொரு கோட்டையும் தாண்டும்போது பின்னாலேயே வந்து "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவான். அவர் போன பிறகும் அந்த டேப்பைப் பிய்க்க அவன் விடவில்லை. இந்த மாதிரி ஏதாவது ஒன்று உங்கள் பிள்ளைகளிடமும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். மாத்திரை எடுத்துக் கொடுத்தது, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது. 'சிரிக்காத அப்பிச்சி' என்று சொல்பவர்களை அந்தப் பக்கத்தை எழுத வையுங்கள்.

பிள்ளைகளுக்கு நோயை விளக்க என்னிடம் கேட்டால் முகமது அலியைக் காட்டுவேன். உலகத்தையே சிரிக்க வைத்துப் பேசிய குத்துச்சண்டை வீரர். 1984-இல் இதே நோய் என்று தெரிந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தீபம் ஏற்ற வந்தபோது இடது கை விடாமல் நடுங்கியது, முகம் அசையவில்லை. அந்த வீடியோவைக் காட்டி, இவர் இப்போது கோபமாக இருக்கிறாரா என்று கேளுங்கள். அதற்குமேல் பாடம் வேண்டாம்.

இனி தம்பி சொல்வது. நோயை எழுத வேண்டாம் என்பதற்குப் பின்னால் என்ன பயம் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது, "அவங்க அப்பாருக்கு நரம்பு வியாதியாமா" என்று யாராவது பின்வாங்கிவிடுவார்களோ என்பது. பார்க்கின்சன் தொற்றுநோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பரம்பரையாகவும் வருவதில்லை. குடும்பத்தில் இறங்குவது குறைவான பேருக்குத்தான். பாராகுவாட் போன்ற விவசாய மருந்துகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் ஒரு தனி மனிதருக்கு இதனால்தான் வந்தது என்று கைகாட்ட முடியாது. முகத்துணி கூடக் கட்டாமல் காடு முழுக்க மருந்தடிக்கும் நம் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும், அது வேறு விஷயம்.

மறைப்பதால் நஷ்டம் உங்களுக்குத்தான். நோயை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சிரிக்காத, பேசாத, விசேஷத்துக்கு வராத ஒரு ஆள். நோயைச் சொன்னால்தான் அவர் செய்தது எதுவும் விளங்கும். லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817-இல் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதியபோது அவரிடம் இருந்தது ஆறே பேரின் விவரம். அதிலும் சிலர் தெருவில் நடந்துபோகப் பார்த்தவர்கள். எப்படிக் குனிந்து நடந்தார்கள், கை எப்படி நடுங்கியது என்று உள்ளபடி எழுதினார். அது யாருக்கும் அவமானமாகவில்லை. அதே நிதானத்தோடு நீங்களும் எழுதலாம். கழிப்பறை, டயப்பர், படுக்கைப்புண் இதெல்லாம் வேண்டாம். அதை அவர் விரும்பியிருக்க மாட்டார், அது வீட்டோடு இருக்கட்டும்.

கடைசிக் காலத்தில் இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசியிருந்தால், அதையும் நான் எழுத மாட்டேன். ஆனால் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். நோய் முற்றும்போதும், சில நேரம் மருந்தினாலும், இந்தத் தோற்றங்கள் வரும். சின்னப் பிள்ளைகளோ ஆடுமாடோ முற்றத்தில் நிற்பதாகத் தெரியும். காத்துக் கருப்பு என்று சொன்னவர்கள் இருந்தால் மெதுவாக எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு உறுத்தல்கள் இப்படிப்பட்ட வீடுகளில் இருக்கும். கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, "நடிக்கறார்" என்று சொன்னது. காலையில் எழுந்து நடந்தவர் மதியம் கட்டிலைவிட்டு அசைய முடியாமல் கிடப்பார். மாத்திரையின் வேகம் இருக்கும் வரை ஓடும், தீர்ந்ததும் நின்றுவிடும். வருடம் ஆக ஆக இந்த ஏற்ற இறக்கம் கூடும். எழவே முடியாதவர், பேரன் கிணற்று மேட்டுப் பக்கம் போனதும் சட்டென்று எழுந்து நாலு எட்டு வைத்துப் பிடித்ததாகக் கேட்டிருக்கிறேன். திடீர் அவசரத்தில் இப்படி நடப்பதுண்டு என்று மருத்துவத்திலேயே பதிவாகியிருக்கிறது. அன்றைக்கு வீட்டில், "முடியுதல்லோ, பின்ன ஏன் தினமும் தூக்கி விடச் சொல்றீங்க?" என்று கேட்டார்களாம். உங்கள் அம்மாவும் எப்போதாவது அப்படிச் சொல்லியிருந்தால், அது நோயின் சுபாவம் தெரியாததால் வந்தது என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு, "நாட்டு வைத்தியம் பார்த்திருந்தா பொழைச்சிருப்பார்" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னது. பூனைக்காலி விதையைச் சொல்லியிருப்பார்கள். அதில் விஷயம் இருக்கிறது. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற பொருள் அந்த விதையில் இருப்பதை 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆனால் உங்கள் அப்பா சாப்பிட்ட மாத்திரையிலும் பெரும்பாலும் அதே லெவோடோபாதான் இருந்திருக்கும், அளவு தெரிந்து, மூளைக்குப் போய்ச் சேர உதவும் துணை மருந்தோடு. இரண்டுமே அறிகுறியைக் குறைக்கும், செல்கள் அழிவதைத் தடுக்காது. அதைத் தடுக்கும் மருந்து இன்றுவரை எந்த வைத்தியத்திலும் நிரூபிக்கப்படவில்லை. நீங்கள் எதையும் கொடுக்காமல் விட்டுவிடவில்லை.

மாத்திரை என்றதும் உங்கள் அம்மா நினைவுக்கு வருகிறார்கள். லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். பருப்பு, பால், முட்டை கூடவே போனால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. அரிசிம்பருப்பும் பச்சைப்பயறு கடைசலும் தினம் புழங்கும் வீட்டில் அதை ராத்திரிக்கு ஒதுக்கி, பகலுக்கு வேறு சமைத்து, ஒரு நாளில் நாலைந்து வேளை மாத்திரைக்குக் கடிகாரம் பார்த்திருப்பார்கள். பதினான்கு வருடம். புத்தகத்தில் இரண்டாவது ஆள் அவர்கள்தான். 'துணைவியார் உறுதுணையாக இருந்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். ராத்திரி எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைத்தார்கள், தலைமாட்டில் என்னென்ன வைத்திருந்தார்கள், சோறு எப்படிப் பிசைந்தார்கள் என்று அவர்களையே சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். "அதெல்லாம் என்னத்துக்குக் கண்ணு" என்பார்கள். கேள்வியைச் சின்னதாக்குங்கள். கடைசியாக எப்போது தறியோரமோ வரப்போ வரைக்கும் நடந்துபோனார், கடைசியாக எப்போது வண்டி ஓட்டினார், சாவியை யாரிடம் கொடுத்தார் என்று கேட்டால் சொல்லிக்கொண்டே போவார்கள். அவருக்கு வாசனை தெரியாமல் போனது எப்போது என்றும் கேளுங்கள். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மூக்கு மரத்துப்போவது இந்த நோயில் வழக்கம். தை, மாசியில் மஞ்சள் வேகும் வாசம் ஊரையே தூக்கும்போது, "எனக்கொண்ணும் தெரியலையே" என்று ஒருநாள் அவர் சொல்லியிருக்கலாம். அப்படி இருந்தால் அவர் நோயின் கதை நீங்கள் சொல்லும் அந்தப் பதினான்கு வருடத்துக்கு முன்னாலேயே தொடங்குகிறது.

படம் போடும்போது இரண்டு போடுங்கள். அஞ்சலி பேனரில் இருந்த நல்ல நாள் படம் ஒன்று. நோயில் இருந்தபோது எடுத்தது ஒன்று, முடிந்தால் யாராவது ஒரு பிள்ளையோடு இருப்பது. இரண்டாவது படத்தைப் பார்த்துத் தம்பி முகம் சுளித்தால் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள்.

நாற்பது பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், எழுத்து பெரிதாக இருக்கட்டும். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வயசானவர்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டி, அவர்கள் வேண்டாம் என்று சொல்வதை எடுத்துவிடுங்கள். அப்படியே ஒரு நாள் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் சர்க்கரை, ரத்த அழுத்தம், இடுப்பு, முழங்கால் எல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள். இத்தனை வருடம் ஒரு ஆளைத் தூக்கி உட்கார வைத்த உடம்பு. எங்கே வலிக்கிறது என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.